சாக்கு ஒன்று இருந்தால் போதும்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் சென்ற வாரமே வந்து சேர்ந்தது. மகளின் பிரசவத்துக்காக மதுரைக்கும் திருச்சிக்குமாக அலைந்துகொண்டிருந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. பேத்தி பிறந்திருக்கிறாள், தாயும் சேயும் நலம். மற்ற செய்திகளை நேரில் பேசிக்கொள்ளலாம். உன் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு நேராக வந்துவிடுகிறேன்.

அண்ணன் பிறந்த விசுவாவசு வருடம் சுழன்று திரும்பி வந்திருக்கிறது, அவருக்கு அறுபது நிறைகிறது, திருக்கடையூரில் சொந்தபந்தம் சூழ மணிவிழா நடத்திப் பார்க்க வேண்டும் என்று நீ ஆசைப்பட்டதில் தவறே இல்லை. எமனைக் காலால் உதைத்த மூர்த்தியின் சந்நிதியில் கணவனின் ஆயுளுக்காக வேண்டிக்கொள்ள எந்தப் பெண்ணுக்குத்தான் மனம் வராது? ஆனால் அவர் "அதெல்லாம் வேண்டாம்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு எழுந்து போனதை, உன் அன்பையே வேண்டாம் என்று சொன்னதாக நீ எடுத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கல்யாணத்தன்று புகைப்படக்காரர் "இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்கள்" என்றதற்கே வியர்த்துப்போன மனிதர் அவர். மாலையும் கழுத்துமாக மணையில் உட்கார்ந்து, நூறு பேர் பார்க்க உனக்கு மறுபடி தாலி கட்ட வேண்டும் என்று நினைத்தபோதே அவருக்குக் கை நடுங்கியிருக்கும். அவர் மறுத்தது அந்தக் கூட்டத்தைத்தான்.

கூச்சமுள்ள மனிதர்களிடம் அன்பு காட்டுவதற்கு ஏதாவது ஒரு சாக்கு வேண்டும் என்பது என் எண்ணம். நேருக்கு நேர் நின்று "உங்களுக்காகத்தான் இதைச் செய்தேன்" என்று நாம் சொல்லும்போது, அவர்கள் உடனே முகத்தில் ஏதாவது காட்டியாக வேண்டியிருக்கிறது. அது வராதபோது நமக்கு வருத்தம், அவர்களுக்குக் குற்ற உணர்ச்சி. அதையே வேறொரு வேலையின் மறைவில் செய்தால், வாங்கிக்கொள்வதும் விட்டுவிடுவதும் அவர்கள் விருப்பமாகிவிடுகிறது. சனிக்கிழமை காலையில் நல்லெண்ணெயில் நாலு மிளகும் சீரகமும் போட்டுச் சூடாக்கி, "உடம்புச் சூடு தணியும், உட்காருங்கள்" என்று சொல்லி அவருடைய உச்சந்தலையில் வைத்துத் தேய்த்துப் பார். காதோரத்திலும் பிடரியிலும் விரல்கள் நிதானமாகப் போகட்டும். அவர் கண்ணை மூடிக்கொள்வார். பேச்சு எதுவும் தேவையில்லை. சூடு தணிக்க எண்ணெய் வைத்ததாகவே இருவரும் கடைசிவரை வைத்துக்கொள்ளலாம்.

பேச்சுக்கும் இதே வழிதான். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு அவர் வாயே திறப்பதில்லை என்று எழுதியிருந்தாய். எதிரே உட்கார்ந்து "ஏன் ஒரு மாதிரியாக இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் எந்த ஆண்பிள்ளையும் "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார். ஒரு கட்டு முருங்கைக்கீரையை முறத்தில் போட்டு இருவருக்கும் நடுவில் வை, தொலைக்காட்சியை நிறுத்திவிடு. கை இலையை உருவிக்கொண்டிருக்கும்போது கண்ணைச் சந்திக்க வேண்டிய அவசியமில்லை, மௌனமும் உறுத்தாது. முப்பது ஆண்டுக்கு மேல் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து ஊர் ஊராக நடந்த மனிதரிடம், எல்லைக்கல் காணாமற்போன வரப்புத் தகராறு ஒன்றை எப்படித் தீர்த்தார் என்று கேட்டுப் பார். நிலத்தின் அளவுகளைக் குறித்த பழைய புலப்படத்தை வைத்து எல்லையைக் கண்டுபிடித்த கதை கீரை முழுவதும் ஆய்ந்து முடியும்வரை போகும். அவர் அறிந்த ஒன்றை நீ கேட்டுத் தெரிந்துகொள்வதைவிடப் பெரிய மரியாதை, அலுவலக நாற்காலியை இழந்த மனிதருக்கு இப்போது வேறில்லை.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தம்பதிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன் என்ற உளவியலாளரின் முடிவு ஒன்று இதற்குப் பொருந்தும். ஒருவர் சன்னலைப் பார்த்து "அந்தப் பறவையைப் பாருங்களேன்" என்பது போன்ற அற்ப அழைப்புகளுக்கு மற்றவர் திரும்பிப் பார்த்துப் பதில் தருகிறாரா என்பதை அவர் கவனித்தார். ஆறு ஆண்டுகளுக்குப் பின் சேர்ந்தே வாழ்ந்தவர்கள், முன்பு ஆராய்ச்சியின்போது அத்தகைய அழைப்புகளில் 86 சதவீதத்துக்குச் செவிசாய்த்தவர்கள். பிரிந்தவர்களிடம் அது 33 சதவீதமாக இருந்ததாம். விழா நடத்தினார்களா, பரிசு கொடுத்தார்களா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. அண்ணன் செய்தித்தாளைப் படித்துக்கொண்டே "வைகையில் தண்ணீர் திறந்துவிட்டார்களாம்" என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னால், அதுதான் அவருடைய அழைப்பு. அடுப்படியிலிருந்தே "எந்தத் தேதியில்?" என்று நீ கேட்டால் போதும்.

நாம் பி.ஏ. தமிழில் படித்த கூடலூர் கிழாரின் குறுந்தொகைப் பாட்டு உனக்கு நினைவிருக்கும். தயிர் பிசைந்த விரலை உடுத்திய சேலையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் நிறைய அவள் சமைத்த புளிக்குழம்பை, அவன் "இனிது" என்று சொல்லி உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மகிழ்கிறது. அப்போது நாமெல்லாம் அந்தப் பெண்ணின் உழைப்பைத்தான் பெரிதாகப் பேசினோம். இன்று எனக்கு அந்த "நுண்ணிதின்" என்ற சொல்தான் பிடிக்கிறது. "நன்றாக இருக்கிறதா, உண்மையைச் சொல்லுங்கள், உப்பு சரியா?" என்று அவள் நச்சரிக்கவில்லை. பரிமாறிவிட்டு வாயையே பார்த்துக்கொண்டு நிற்பது சாப்பிடுகிறவரைப் பரீட்சை எழுத வைப்பது போன்றது. கேட்டு வாங்கிய பாராட்டில் கேட்டவருக்கே ருசி இருப்பதில்லை.

செய்ததைக் கணக்கு வைத்துக்கொள்வதும் அப்படித்தான். கோபித்துக்கொள்ளாதே, உன் கடிதத்தில் அந்தக் கணக்கு கொஞ்சம் தெரிகிறது. "அவருடைய அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டேன், இது ஒன்றைக்கூட எனக்காகச் செய்ய மாட்டாரா?" என்று எழுதியிருக்கிறாய். அதற்காக உன் ஆசையை மறைத்து வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நமக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்பதும் அன்பில் சேர்த்திதான். அவர் ஒப்புக்கொள்ளக்கூடிய அளவில் கேள். உறவினருக்குச் சொன்னதை நீயே பக்குவமாக நிறுத்திவிட்டு, முகூர்த்த நாளாக இல்லாத ஏதாவது வாரநாளில் இருவரும் மட்டும் அபிராமியைக் கும்பிட்டு வரலாமா என்று கேட்டுப் பார். ஓமமும் வேண்டாம், மாலையும் வேண்டாம். பக்கத்திலேயே தரங்கம்பாடி இருக்கிறது. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையைச் சுற்றி அளந்து பார்ப்பதற்காகவாவது நில அளவைக்காரர் வருவார். அது அவருக்குச் சாக்கு, கோயில் உனக்கு. வேண்டாம் என்றால் அன்றைக்கு அந்தப் பேச்சை விட்டுவிடு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. மறுக்க இடமிருக்கிறது என்று தெரிந்தால்தான் பிறகு மனமார வருவார்.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். நான் வெளியே போகவேண்டிய நாளுக்கு முந்தைய இரவு என் ஸ்கூட்டியில் பெட்ரோல் நிரம்பியிருக்கும். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். நானும் பெரிதாக நன்றி சொல்வதில்லை. திரும்பி வந்ததும் "வண்டி இன்றைக்கு நன்றாக ஓடியது" என்பேன், அவர் "ம்" என்பார்.

அண்ணன் தரங்கம்பாடிக்கு வந்தாரா என்று மட்டும் எழுது. வரவில்லை என்றாலும் எழுது. தை பிறந்ததும் நானே அங்கு வந்து இரண்டு நாள் தங்குகிறேன். அவரிடம் என் கேள்வி ஒன்றையும் சொல்லி வை: எங்கள் ஊர்ப் பூர்வீக நிலத்தின் கிழக்கெல்லையில் பக்கத்துக்காரருடன் சிறு பிரச்சினை இருக்கிறது, புலப்படத்தை எடுத்து வருகிறேன், அவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உன் விடுதி அறைத்தோழி