அந்த நாலு நாளக் குடுத்தவங்களுக்கு ஒரு நன்றி மடல்

இன்னிக்குக் காலையில என் மக சுவத்தப் புடிச்சுக்கிட்டு தானா எந்திரிச்சு நின்னா. நின்னுட்டு என்னத் திரும்பிப் பாத்து சிரிச்சா. அப்பவே முடிவு பண்ணிட்டேன், இனிமேலும் தள்ளிப்போடக் கூடாது, எழுதிரணும்னு. வர்ற வைகாசியில அவளுக்கு ஒரு வயசு முடியுது. அவ பொறந்தது 30 வாரம் 2 நாள்ல, எடை 1,380 கிராம். எங்களுக்கு உதவுனதுல பாதிப் பேரோட பேரு கூட எனக்குத் தெரியாது, அந்த நேரத்துல பேரு கேக்குற நெலமையில நான் இல்ல, அதனால உங்கள்ல யாரு கண்ணுலயாவது இது பட்டுரணும்னு வேண்டிக்கிட்டு எழுதுறேன்.

நடந்தத முதல்லேருந்து சொல்றேன், மாசமா இருக்குற யாராவது படிச்சா அவங்களுக்கும் ஆகும். 28 வாரத்துல வளைகாப்பு முடிஞ்சு பட்டுக்கோட்டை பக்கம் எங்க அம்மா வீட்டுக்கு வந்தேன். கத்திரி வெயில் கொளுத்துது. பன்னெண்டாம் நாள் மத்தியானத்துலேருந்து இடுப்பு வலி. சுருக்குன்னு குத்துற வலி இல்ல, வீட்டுக்குத் தூரமாகும்போது வருமே அந்த மாதிரி அடிவயித்துலயும் இடுப்புக்குப் பின்னாடியும் ஒரு இழுப்பு, கொஞ்ச நேரம் இருக்கும், போயிரும், திரும்ப வரும். வயித்தத் தொட்டா கல்லு மாதிரி இறுகியிருக்கும், அப்பறம் தளந்துரும். புள்ள கீழ வந்து முட்டுற மாதிரி ஒரு பாரம். வெள்ளப்படுறதும் வழக்கத்த விட தண்ணியா இருந்திச்சு. எங்க அப்பாயி "சூட்டு வலிடி, சீரகத்தண்ணி குடிச்சா நிக்கும்"னு கொதிக்க வச்சுக் குடுத்தாங்க. அப்பாயி மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, அவங்க காலத்துல அவங்களுக்குத் தெரிஞ்சத செஞ்சாங்க. குடிச்சேன், கொஞ்சம் தேவலாம்னு பட்டிச்சு, படுத்தேன், சாயங்காலம் திரும்ப ஆரம்பிச்சிருச்சு.

இன்னொன்னும் சொல்லணும். அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஒண்ணுக்குப் போனா எரிச்சல் இருந்திச்சு, அதையும் வெயில் சூடுன்னு நெனச்சு யார்ட்டயும் சொல்லல. பின்னாடி ஆஸ்பத்திரியில டெஸ்ட் எடுத்தா யூரின் இன்ஃபெக்‌ஷன், அதுதான் வலியத் தூண்டி விட்டிருக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. இத எழுதும்போது இப்பவும் நெஞ்ச அடைக்குது. எரிச்சல் இருந்தா அன்னிக்கே போயி சொல்லிருங்கம்மா, வெக்கப்படாதீங்க.

முதல் நன்றி எங்க ஊரு நர்சம்மாவுக்கு. ராத்திரி எட்டரை மணிக்கு அம்மா போன் போட்டுக் குடுத்தாங்க, "சூட்டு வலி மாதிரி இருக்கு, நாளைக்கு வரவா"ன்னுதான் கேட்டேன். அவங்க ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. "ஒண்ணுக்குப் போயிட்டு வா, ரெண்டு டம்ளர் தண்ணி குடி, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு, வயித்துல கைய வச்சுக்கிட்டு கடிகாரத்தப் பாரு, எப்ப இறுகுது எப்ப விடுதுன்னு எழுது"ன்னாங்க. பொய் வலின்னா படுத்தா, தண்ணி குடிச்சா அடங்கும், கணக்கு இருக்காது, நெச வலின்னா படுத்தாலும் வரும், நேரம் தவறாம வரும், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ வந்தா அது 37 வாரத்துக்கு முன்னாடி சாதாரணம் கெடையாதுன்னு சொன்னாங்க. தண்ணி ஒடஞ்சாலோ ரத்தம் பட்டாலோ எண்ணவே வேணாம், உடனே கெளம்புன்னாங்க. மளிகைக் கணக்கு நோட்டுல எழுதுனேன். 8:52, 9:00, 9:09, 9:16, 9:24. அஞ்சாவது வந்ததும் அவங்களே போன் பண்ணிட்டாங்க. நான் படிச்சேன், ஒரு செகண்ட் பேசல, அப்பறம் "108-க்கு நான் சொல்லிர்றேன், அட்டைய எடுத்துக்கிட்டு வாசலுக்கு வா"ன்னாங்க. நர்சம்மா, அந்த நோட்ட நான் இன்னும் பத்திரமா வச்சிருக்கேன்.

வீட்டுக்காரர் திருப்பூர்ல வேலையில இருந்தாரு. அப்பா இல்ல. எனக்குக் கூடப்பொறந்த அண்ணன் தம்பியும் கெடையாது. அப்பாயிய விட்டா அம்மாவும் நானும் மட்டும் தான். எதிர்வீட்டு சின்னம்மா உலையில போட்ட அரிசிய அப்படியே விட்டுட்டு ஏறி ஒக்காந்து வந்தாங்க, செருப்பு கூட போடல. 108-ல வந்த அண்ணன் ரெண்டு பேரு, ஒருத்தர் ஓட்டுறாரு, ஒருத்தர் பின்னாடி எங்கூட. பட்டுக்கோட்டை ஆஸ்பத்திரியில டியூட்டி டாக்டர் பாத்துட்டு கர்ப்பப்பை வாயி தெறக்க ஆரம்பிச்சிருக்குன்னு சொல்லி அங்கயே மொத ஊசி போட்டுட்டுத்தான் தஞ்சாவூருக்கு அனுப்புனாங்க. போட்ட நேரத்த அட்டையில பெருசா எழுதி வட்டம் போட்டாங்க, 10:40. அந்த வட்டம் எதுக்குன்னு அப்ப புரியல.

ஒரத்தநாடு தாண்டுனப்ப வலி நெருங்கிருச்சு, நான் "இங்கயே பொறந்துருமாண்ணே"ன்னு அழுதேன். அந்த அண்ணன் சொன்னாரு, "பொறந்தாலும் பாக்க எனக்குத் தெரியும்மா, ஆனா பொறக்காது, மூச்ச நல்லா விடு"ன்னு. சொல்லிட்டு அவரு கழுத்துல கெடந்த துண்ட எடுத்து என் இடுப்புக்கு அண்டக் குடுத்தாரு. தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரி வாசல் வர்ற வரைக்கும் என் கைய விடல.

அந்த ஊசி டெக்ஸாமெத்தசோன். 12 மணி நேரத்துக்கு ஒண்ணா 4 ஊசி. அது வலிய நிறுத்துறதுக்கு இல்ல, புள்ளையோட நுரையீரல் சீக்கிரம் முத்துறதுக்கு. அது வேலை செய்யணும்னா நேரம் வேணும், அந்த நேரத்த வாங்கத்தான் நிஃபிடிபின்னு ஒரு மாத்திரை, அது பிரஷருக்குக் குடுக்குற மாத்திரைதானாம், கர்ப்பப்பை சுருங்குறத ரெண்டு நாளைக்காவது தள்ளிப்போடப் பாக்கும். எனக்கு நாலு நாள் கெடச்சிச்சு. ராத்திரி டியூட்டியில இருந்த சின்ன டாக்டரம்மா, என் தங்கச்சி வயசு இருக்கும், ஒவ்வொரு ஊசிக்கும் "இது ரெண்டாவது", "இது மூணாவது"ன்னு எங்கிட்ட சொல்லிச் சொல்லிப் போட்டாங்க. பின்னாடி தெரிஞ்சுக்கிட்டேன், இந்த ஊசிக்கு வழி காட்டுனவரு நியூசிலாந்துல லிக்கின்ஸ்னு ஒரு டாக்டராம், ஆடு வச்சு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்தப்ப பொழைக்கவே முடியாத குறைமாசக் குட்டி ஒண்ணு மூச்சு விட்டத கவனிச்சு, ஹோவின்னு இன்னொரு டாக்டரோட சேர்ந்து தாய்மாருக்குக் குடுத்துப் பாத்து 1972-ல உலகத்துக்குச் சொன்னாராம். எங்க அம்மா வீட்டுலயும் ஆடு இருக்கு. இப்ப எந்தக் குட்டியப் பாத்தாலும் கும்புடத் தோணுது.

வார்டுல ஒரு பாட்டி "எட்டு பொறந்திருச்சே, எட்டாம் மாசப் புள்ள தங்காதே"ன்னு எங்க அம்மாகிட்ட சொல்லிட்டாங்க. அம்மா ஒடஞ்சு போயிட்டாங்க. நர்ஸ் அக்கா ஒருத்தங்க ட்ரிப்ஸ் மாத்திக்கிட்டே, "ஏழு தங்கும் எட்டு தங்காதுன்னு ஒரு கணக்கும் கெடையாது பாட்டி, உள்ள இருக்குற ஒவ்வொரு நாளும் புள்ளைக்கு லாபம்"னு சொன்னாங்க. கோவமா சொல்லல, பொறுமையா சொன்னாங்க. அக்கா, அந்த ஒரு வார்த்தைய வச்சுத்தான் எங்க அம்மா அன்னிக்கு சோறு தின்னாங்க.

நாலாம் நாள் வலி நிக்கல. மெக்னீசியம் ஏத்துனாங்க, புள்ளையோட மூளைக்குப் பாதுகாப்புன்னு, உடம்பெல்லாம் நெருப்ப ஊத்துன மாதிரி இருந்திச்சு. விடியக்காலம் பொறந்தா. அழுதா. சத்தம் பூனக்குட்டி மாதிரிதான், ஆனா அழுதா.

அதுக்கப்பறம் 38 நாள். மூச்சு விட உதவியா மூக்கு வழியா காத்த அழுத்திக் குடுக்குற சிபாப் மெஷின், வயித்துக்குப் பால் போக டியூப், மொதல்ல எடை 1,270-க்கு எறங்குனப்ப நான் செத்துப் பொழச்சேன், பொறந்த புள்ளைக்கு மொத வாரம் எடை எறங்குறது வழக்கந்தான்னு சொல்லவும் ஒரு நர்ஸ் பக்கத்துல இருந்தாங்க. எனக்கு சீம்பால் சொட்டு சொட்டாத்தான் வந்திச்சு. தாய்ப்பால் வங்கியிலேருந்து மொத அஞ்சு நாளைக்குக் குடுத்தாங்க. யாரோ ஒரு தாயி தன் புள்ளைக்குப் போக மிச்சத்தப் பீச்சிக் குடுத்தது என் மக வயித்துல போயிருக்கு. அம்மா, நீங்க எந்த ஊரு, என்ன சாதி, ஒண்ணும் தெரியாது எனக்கு. உங்க புள்ள நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

டியூப எடுத்ததும் பாலாடையில ஊத்தப் பழக்குனாங்க, 5 மில்லி ஊத்த அரமணி நேரம் ஆகும், பொறை ஏறும், நான் நடுங்குவேன், கை புடிச்சு சொல்லிக் குடுத்த அந்த வயசான நர்சம்மாவுக்கு என் நன்றி. புள்ளைய நெஞ்சோட நெஞ்சா கட்டிக்கிற கங்காரு முறை, அது 1978-ல கொலம்பியாவுல இன்குபேட்டர் பத்தாம போனப்ப ஆரம்பிச்சதாம். நான் அசந்தா எங்க வீட்டுக்காரர் சட்டையக் கழட்டிட்டு ஒக்காருவாரு, மணிக்கணக்குல அசைய மாட்டாரு. எங்க அத்தையும் மாறி மாறி வச்சுக்கிட்டாங்க. ஒரு மாசம் ஆகுறதுக்குள்ள கண் டாக்டர் வந்து விழித்திரையப் பாத்துட்டு நல்லா இருக்குன்னாரு. குறைமாசப் புள்ள வச்சிருக்கவங்க அந்தக் கண் பரிசோதனைய மட்டும் விட்டுறாதீங்க, வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது, கோளாறு இருந்து கவனிக்காம விட்டா பார்வையே போயிரலாம். 1,810 கிராம்ல வீட்டுக்கு வந்தோம்.

இப்ப யாராவது "ஒரு வயசாகப் போகுது இன்னும் நடக்கலயா"ன்னு கேக்குறாங்க. பொறந்த நாள்லேருந்து எண்ணாதீங்க, பொறக்க வேண்டிய நாள்லேருந்து எண்ணுங்கன்னு டாக்டர் சொல்லிருக்காங்க. அந்தக் கணக்குல அவ சரியா இருக்கா.

கடைசியா, 108-ல எங்கூட பின்னாடி வந்த அண்ணனுக்கு. உங்க துண்டு எங்கிட்டதான் இருக்கு. திருப்பிக் குடுக்க விசாரிச்சேன், வேற ஊருக்கு மாத்திட்டாங்கன்னாங்க. வைகாசியில பாப்பாவுக்கு மொட்ட போட்டு காது குத்துறோம். தாய்மாமன் மடியில ஒக்கார வச்சுத்தான் குத்தணும். எனக்கு அண்ணன் இல்லன்னு அன்னிக்கு வண்டியில உங்ககிட்ட சொன்னேன்ல. இதப் பாத்தீங்கன்னா எங்க ஊரு நர்சம்மாவுக்கு ஒரு போன் போடுங்கண்ணே, அவங்ககிட்ட தேதி சொல்லி வச்சிருக்கேன்.