திரும்பி வந்த கட்டுரை

கயலுக்கு,

உன் ஆய்வுக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று நேற்று நீ போனில் சொன்னபோது ஒப்புக்கு ஏதோ சொல்லி வைத்தேன். அப்பாவுக்கு உடனே வாயில் எதுவும் வராது, உனக்குத் தெரியும். ராத்திரி உட்கார்ந்து மறையாக்கத்தில், அதாவது செய்தியை மற்றவர்கள் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்புகிற உன் துறையில், பேர் பெற்றவர்களைப் பற்றிப் படித்தேன். ரால்ஃப் மெர்க்கிளைத் தாண்டிப் போக முடியவில்லை.

1974-ல் அவர் பெர்க்லியில் இளங்கலை மாணவர். கணினிப் பாதுகாப்பு வகுப்பில் புராஜெக்டுக்கு இரண்டு யோசனைகள் எழுதிக் கொடுக்கிறார். முதலாவது இது: முன்பின் எதுவும் பேசி வைத்துக்கொள்ளாத இரண்டு பேர், ஊரே ஒட்டுக்கேட்கிற கம்பியில் பேசித் தங்களுக்குள் செய்தியைப் பூட்டித் திறக்க ஒரு ரகசியச் சாவியை உண்டாக்கிக்கொள்வது. நடக்காத காரியம் என்றுதான் அன்று எல்லோரும் நினைத்தார்கள். (பிரிட்டிஷ் உளவுத்துறையில் சிலர் இதே விஷயத்தைக் கண்டுபிடித்துப் பூட்டி வைத்திருந்தார்கள். அது வெளியே தெரிந்தது 1997-ல்.) இரண்டாவது யோசனையே தேவலை, முதலாவதின் விளக்கம் ஒரே குழப்பம் என்று ஆசிரியர் குறிப்பு எழுதினார். மெர்க்கிள் வகுப்பை விட்டார், யோசனையை விடவில்லை.

அந்த யோசனை எனக்கே புரிந்தது, பார். நான் உனக்குப் பத்து லட்சம் புதிர்கள் அனுப்புகிறேன். ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் அடையாள எண், ஒரு சாவி. ஒன்றை அவிழ்க்க ஒரு நிமிடம் ஆகும் என்று வை. நீ கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து அவிழ்த்து, அதன் எண்ணை மட்டும் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறாய். எந்தச் சாவி என்று எனக்குத் தெரிந்துவிடும். ஒட்டுக்கேட்பவனுக்கும் எண் தெரியும், ஆனால் அது எந்தப் புதிருக்குள் இருக்கிறது? சராசரியாகப் பாதியையாவது அவிழ்த்தாக வேண்டும். ஐந்து லட்சம் நிமிடம், கிட்டத்தட்ட ஒரு வருடம்!

1975-ல் இதைக் கணினித் துறைச் சங்கமான ஏசிஎம்மின் இதழுக்கு அனுப்பினார். இன்றைய மறையாக்கச் சிந்தனையின் போக்கில் இது இல்லை என்று நிராகரித்தார்கள். அச்சில் வந்தது 1978 ஏப்ரலில். அதற்குள் 1976-லேயே டிஃபி, ஹெல்மன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதே பிரச்சினைக்குத் தங்கள் வழியைக் கட்டுரையாக வெளியிட்டுவிட்டார்கள். கணினித் துறையின் பெரிய விருதான டூரிங் விருதும், 2015-க்கானது, அந்த இருவருக்குத்தான். டிஃபி-ஹெல்மன் என்று சொல்லப்படுகிற அந்த முறைக்குப் பெயர் வைப்பதானால் மெர்க்கிள் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று ஹெல்மனே சொல்லியிருக்கிறார். பிட்காயினிலும் இன்னும் எத்தனையோ இடத்திலும் தரவு மாறவில்லை என்று சரிபார்க்க இருக்கிற மெர்க்கிள் மரம் இவருடையதுதான், அது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம், ஹெல்மனோடு சேர்ந்து செய்த இன்னொரு மறையாக்க முறையை உடைப்பவருக்கு 100 டாலர் என்று பந்தயம் வைத்து, 1982-ல் ஷமீர் என்ற மறையாக்க நிபுணர் உடைத்ததும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்தக் குணம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் அந்த ஆசிரியரைத்தான் திட்டுகிறார்கள். எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம் வரவில்லை. அந்த 1974 தாளைத் தேடிப் படித்தேன், தலை சுற்றியது. 1978-ல் வந்ததை மெதுவாகப் படித்தால் பிடிபடுகிறது. யோசனை அதேதான், நடுவில் அவர் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்.

உன் மதிப்பீட்டாளர்கள் மூன்று பேரில் ஒருவர் 'மூன்றாம் பகுதி தெளிவாக இல்லை' என்று எழுதியதாகச் சொன்னாய். மற்ற இருவரை விடு. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அந்த மூன்றாம் பகுதியை எனக்குச் சொல். புரியாத இடத்தில் நிறுத்துவேன், கோபித்துக்கொள்ளாதே.

அப்பா