கெல்டிங் குதிரையின் உறையை யார் பார்ப்பது? லாயம் நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூர், சிலாங்கூர் வட்டாரத்தில் குதிரையேற்றப் பள்ளி நடத்துபவர்களுக்கும், அங்கே சொந்தக் குதிரையைக் கட்டியிருக்கும் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம். பேசக் கொஞ்சம் கூச்சமான விஷயம்தான். யாரும் வாய் திறப்பதில்லை, அதனால் வேலை மொத்தமும் சைஸ், அதாவது குதிரையைப் பராமரிக்கும் லாயப் பணியாள், தலையில் வந்து விழுகிறது. கெல்டிங், அதாவது காயடித்த ஆண் குதிரையின் குறியுறையைச் சுத்தமாக வைத்திருப்பது பற்றிச் சொல்கிறேன். லாயத்தில் வேலை செய்யும் தம்பிகளும் படிக்கட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

உங்களிடம் நிற்பவற்றில் பல, பந்தயத்தில் ஓடி ஓய்ந்த தரோபிரெட் இனக் குதிரைகள். அவற்றிலும் கெல்டிங்தான் அதிகம். சிங்கப்பூரில் 2024 அக்டோபரோடு பந்தயம் நின்றது. 1864-இல் தொடங்கிய பினாங்கு டர்ஃப் கிளப்பிலும் 2025-இல் நின்றுவிட்டது. பந்தய லாயத்தில் இருந்தவரை குதிரையை டாக்டர் அடிக்கடி பார்ப்பார். சவாரிப் பள்ளிக்கு வந்தபின் கால் நொண்டினால்தான் டாக்டர், வயிறு வலித்தால்தான் டாக்டர். உறைக்குள் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்?

உள்ளே சேர்வது செத்த தோலும், சுரப்பியிலிருந்து வரும் எண்ணெய்ப் பிசுக்கும், தூசியும் கலந்த அழுக்கு. கொஞ்சம் இருப்பது இயல்பு. அது தோலுக்குப் பாதுகாப்பும்கூட. கெல்டிங் பல நேரம் குறியை முழுதாக வெளியே விடாமலே சிறுநீர் கழித்துவிடும், அதனால் அழுக்கு தேங்க வாய்ப்பு அதிகம். முக்கியமான இடம் நுனியில், சிறுநீர்த் துளையைச் சுற்றியுள்ள சிறு குழி. அங்கே அழுக்கு இறுகி, மொச்சைக் கொட்டைபோலச் சாம்பல் நிறத்தில் கட்டியாகிவிடும். பீன் என்று சொல்வது இதைத்தான். பெரிதானால் துளையை அழுத்தும். குதிரை காலை விரித்து நெடுநேரம் நிற்கும், சிறுநீர் சிதறும், சில நேரம் சொட்டுச் சொட்டாக வரும்.

சரி, நம் லாயங்களில் என்ன நடக்கிறது? ஒரு பக்கம், வருடக்கணக்காக யாரும் எட்டிப் பார்க்காத குதிரைகள். இன்னொரு பக்கம், வாராவாரம் டெட்டால் கரைத்து, ஹோஸ் பைப்பை உறைக்குள் விட்டு அடிக்கிற வழக்கம். இரண்டாவதுதான் எனக்கு அதிகக் கவலை, ஏனென்றால் அதைச் செய்பவர் நல்லது செய்வதாக நம்புகிறார். கிருமிநாசினியும் காட்டமான சோப்பும் அங்கே இயல்பாக வாழும் நுண்ணுயிர்களைக் குலைத்து, தோலைப் புண்ணாக்கும். எரிச்சல் வந்தால் உறை வீங்கும். வீங்கியதைப் பார்த்து, கழுவியது போதவில்லை என்று மறுபடி கழுவுவார்கள்!

நான் கேட்பது இவ்வளவுதான்: அடிக்கடி பாருங்கள், தேவைப்பட்டால் மட்டும் கழுவுங்கள். பெரும்பாலான கெல்டிங்குக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை பீன் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தால் போதும். சிலவற்றுக்கு அழுக்கு வேகமாகச் சேரும், சிலவற்றுக்குச் சேரவே சேராது. கழுவும்போது வெதுவெதுப்பான நீர், கையுறை, பஞ்சு, கொஞ்சம் மினரல் ஆயில் இருந்தால் போதும். காய்ந்த அழுக்கை எண்ணெயில் ஊறவிட்டு எடுக்க வேண்டும், நகத்தால் சுரண்டக் கூடாது. மென்மையான சோப்பு போட்டாலும் துளி மிச்சமில்லாமல் அலசியாக வேண்டும்.

அப்புறம், எல்லா வீக்கமும் அழுக்கு இல்லை. லாயத்திலேயே நின்றுகொண்டிருக்கும் குதிரைக்கும், கொழுப்பு ஏறிய குதிரைக்கும் உறை வீங்குவதுண்டு. நம் ஊர் ஈயை மறக்க வேண்டாம். ஹப்ரோனீமா என்ற வயிற்றுப் புழுவின் இளம்புழுக்களை ஈரமான இடத்தில் ஈ கொண்டுவந்து விடும். அதனால் வரும் புண் எளிதில் ஆறாது. அதைச் சோப்பால் குணமாக்க முடியாது. குறியில் காலிபிளவர் மாதிரி வளர்ச்சியோ, இரத்தக் கசிவோ, நாற்றமோ கண்டால் புற்றுநோயாக இருக்கலாம். வயதான குதிரைகளிலும், அந்த இடத்தில் நிறமில்லாத இளஞ்சிவப்புத் தோல் உள்ளவற்றிலும் இது அதிகம் வருகிறது. குதிரைப் பாப்பிலோமா வைரஸின் இரண்டாம் வகைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. சீக்கிரம் கண்டால் சிறு அறுவையோடு முடியலாம். கண்டுபிடிக்க யாராவது பார்த்திருக்க வேண்டுமே. (ஓடும்போது உறையிலிருந்து வரும் அந்தக் களக்களச் சத்தத்தை அழுக்கு என்று நினைத்துக் கழுவச் சொல்லும் உரிமையாளர்களும் உண்டு. குதிரை உடலை இறுக்கிக்கொண்டு ஓடினாலே அந்தச் சத்தம் வரும்.)

இப்போது சைஸ் விஷயம். பின்னங்காலுக்குப் பக்கத்தில் குனிந்து, உதைக்கிற விலங்கின் மிக மென்மையான இடத்தில் கை வைக்கிற வேலை இது. கையுறைகூடக் கொடுக்காமல், கூட ஒருவர் கயிறு பிடிக்க இல்லாமல், “போய்க் கழுவிட்டு வாடா” என்று சொல்வது நியாயமா? கைபட்டால் பேசாமல் நிற்கும் குதிரையை, பழகிய சைஸ் முன்னங்கால் பக்கம் ஒட்டி நின்று, ஒரு கை முதுகில் வைத்துப் பார்க்கலாம். விடாத குதிரைக்கு டாக்டர்தான் ஊசி போட்டுப் பார்க்க வேண்டும். எந்த மருந்து என்பதும் அவர் முடிவு. மயக்க மருந்துகளில் சில, அரிதாகக் குறியை உள்ளிழுக்க முடியாமல் செய்துவிடும். ஊசிக்குப் பின் மணிக்கணக்கில் தொங்கியே இருந்தால் அவசரம், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பல் ராவ டாக்டர் வரும்போது எப்படியும் குதிரைக்கு மயக்க ஊசி போடுகிறார். அதே ஊசியில் உறையையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கெல்டிங் பெயருக்கு எதிரேயும், பார்த்த தேதி, பீன் இருந்ததா, புண் உண்டா என்று லாயப் பலகையில் எழுதி வையுங்கள். செலவை மாத பில்லில் தனி வரியாகப் போடுங்கள். உரிமையாளர் ஏன் என்று கேட்டால் இந்த மடலைக் காட்டலாம். டெட்டால் பாட்டிலைக் குதிரை கழுவும் இடத்திலிருந்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
லாய வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், சுங்கை பீசி