பவளத்தில் வியர்வை படக்கூடாது

ஜெலுத்தோங், பினாங்கு
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேப்பிள்ஸிலிருந்து நீ அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. கைப்பேசியிலேயே பதில் எழுதலாம் என்று எடுத்தேன். என் விரலுக்கு அந்த எழுத்துகள் பொடி. அதுவும் அல்லாமல், நான் எதையாவது தட்டிக்கொண்டிருந்தால் உன் அம்மா உடனே வந்து எட்டிப் பார்க்கிறாள். அதனால்தான் தபால்.

படங்களில் கடலும் மலையும் நன்றாக இருக்கின்றன. நீ மெலிந்திருக்கிறாய். உன் அம்மா அதை மட்டும்தான் கவனித்தாள். வேறெதையும் அவள் கவனிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

பவளத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். நகை செய்பவன் பெண்ணுக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். பவளத்தில் வியர்வை படக்கூடாது. அது வைரம் மாதிரி கல் இல்லை, கடலில் ஓர் உயிர் கட்டிய சுண்ணாம்பு. புளியோ எலுமிச்சையோ வினிகரோ பட்டால் மேல்பரப்பு கரைந்து மங்கிவிடும். கொடியைக் கழுவும்போது புளி போட்டுத் தேய்க்காதே. வாசனைத் திரவியம் அடிப்பதற்கு முன் கழற்றிவைத்தால் சரி. நீச்சல் குளத்துக்குப் போகும்போது கழற்றினால் மிகவும் சரி. லண்டன் குளிரில் வியர்க்காது என்பாய். நேப்பிள்ஸ் வெயிலில் வியர்த்திருக்கும், ஆகவே நீ கழற்றிவைத்துவிட்டுத்தான் போயிருப்பாய். நல்ல காரியம். கழற்றியதைத் திரும்பப் போட்டுக்கொள்ள மறக்கக்கூடாது, அவ்வளவுதான்.

நீ நின்ற இடம் எது என்று உனக்குத் தெரிந்ததா? உன் முதுகுக்குப் பின்னால் தெரிகிற வெசுவியஸ் மலையின் அடிவாரத்தில் தோரே தெல் கிரேகோ என்று ஓர் ஊர் இருக்கிறது. 1794இல் எரிமலைக் குழம்பு அந்த ஊரை விழுங்கிவிட்டது. அதே இடத்தில் திரும்பக் கட்டினார்கள். 1805இல் அங்கே பவளப் பட்டறை வைக்க அரசர் உரிமை கொடுத்தார். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்த ஊர்க்காரர்கள் சார்டீனியாவுக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் படகில் போய்ப் பவளம் எடுத்தவர்கள். இரண்டு கனத்த மரங்களைக் குறுக்காகக் கட்டி, வலையைத் தொங்கவிட்டு, கடலடிப் பாறையோடு இழுத்துக்கொண்டு போவார்கள். கிளைகள் முறிந்து வலையில் சிக்கும். சிக்கியது கொஞ்சம், நாசமானது அதிகம். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிக்காத செடி மாதிரியான ஒன்றை அப்படி வாரினால் என்ன மிஞ்சும்? 1994இல் ஐரோப்பியர்கள் அந்த முறையைத் தடை செய்தார்கள். இப்போது உரிமம் பெற்றவர்கள் ஐம்பது மீட்டருக்குக் கீழே மூழ்கிக் கையால் வெட்டி எடுக்கிறார்கள்.

அங்கிருந்துதான் நம் ஆட்களுக்கு வந்தது. ரோமாபுரிப் பெண்கள் நம் முத்துக்கு ஏங்கியது போலவே இந்தியர்கள் பவளத்துக்கு ஏங்கினார்கள் என்று ரோமாபுரி எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். அது ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய பேச்சு. பிற்காலத்தில் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்து யூத வணிகர்கள் பவளத்தை லண்டனுக்கு அனுப்பினார்கள். அது கப்பலேறிச் சென்னைக்கு வந்தது, அதற்கு மாற்றாக வைரம் போனது. சென்னையில் பவளக்காரத் தெரு இன்றைக்கும் இருக்கிறது. பள்ளியிறுதி எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழ் இலக்கியம் எடுக்க மற்றப் பிள்ளைகள் பயந்தபோது நீ எடுத்தாய். காவிரிப்பூம்பட்டினத்தில் தென்கடல் முத்தும் கீழ்க்கடல் பவளமும் குவிந்ததாகப் பட்டினப்பாலை சொல்கிறது என்று பட்டறையில் என் எதிரே உட்கார்ந்து ஒப்பித்தவள் நீ. அன்றைக்கு வந்திருந்த வாடிக்கையாளர்களிடம் எல்லாம் நான் அதைச் சொன்னேன். இப்போதும் சொல்கிறேன், உன் அம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள்.

அப்பாயி ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்து இறங்கியபோது அவள் கழுத்தில் இருந்தவைதான் உன் மணிகள். இத்தாலிப் பவளம் என்றுதான் உன் தாத்தா சொல்வார். நானும் உருப்பெருக்கியில் பார்த்திருக்கிறேன். ஜப்பான் பவளத்தின் நடுவில் வெள்ளை ஓடும், இவற்றில் அது இல்லை. இன்றைக்குக் கடைகளில் கிடைப்பதில் பாதி, மூங்கில் மாதிரி கணுக்கணுவாக வளரும் வெள்ளைப் பவளத்துக்குச் சாயம் ஏற்றியது. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் பஞ்சு சிவந்துவிடும். நல்ல மணிகளை அப்படிச் சோதிக்காதே, மெருகு போய்விடும். உன்னுடையவற்றுக்குச் சோதனை தேவையில்லை. தாலி பிரித்துக் கோர்த்த அன்று, தேய்ந்திருந்த இரண்டு மணிகளை ஒதுக்கிவிட்டு மற்றவற்றைக் குண்டுகளுக்கு இடையில் நான்தான் வரிசைப்படுத்திக் கொடுத்தேன். உன் அத்தை கோர்த்தாள். ஒதுக்கிய இரண்டும் என் இழுப்பறையில் இருக்கின்றன.

இத்தாலிக் கடலில் பிறந்து நாகப்பட்டினம், பினாங்கு, லண்டன் என்று சுற்றிய மணிகள், அந்தக் கடலுக்குப் பக்கத்தில் நீ போன அன்றைக்குப் பார்த்து உன்னோடு இல்லை. வியர்வைக்காகத்தான். எனக்குப் புரிகிறது.

ஒரு படத்தில் கையில் சிவப்பாகக் கொம்பு மாதிரி ஒன்றை வைத்திருக்கிறாய். அதுவும் பவளம்தானா, கண்ணாடியா? நேப்பிள்ஸ்காரர்கள் கண்ணேறு படாமலிருக்க அதைக் கட்டிக்கொள்வார்கள். அந்தப் பக்கத்துப் பழைய ஓவியங்களில் குழந்தை இயேசுவின் கழுத்தில்கூடப் பவள மாலை இருக்கும். நம் வீடுகளில் குழந்தைக்குப் பவளம் கட்டுவது போலத்தான். ஆனால் அந்தக் கொம்பைத் தனக்குத்தானே வாங்கிக்கொள்ளக் கூடாதாம், பிறர் தந்தால்தான் பலிக்குமாம். மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்திருப்பார் என்று உன் அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். படம் பிடித்ததும் அவர்தான், அதனால்தான் எதிலும் அவர் இல்லை என்றும் சொன்னேன். கடைசிப் படத்தில் ஒரு கடையின் கண்ணாடியில் நீ தெரிகிறாய். உன் கையில் கைப்பேசி இருக்கிறது. அந்தப் படத்தை மட்டும் நான் அம்மாவுக்குப் பெரிதாக்கிக் காட்டவில்லை.

தீபாவளிக்கு மாப்பிள்ளையிடம் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார். நீ குளித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பிறகு நீ திரும்ப அழைத்தபோது பின்னால் பஸ் போகிற சத்தம் கேட்டது. நான் எதுவும் கேட்கவில்லை. நீயும் பட்டாசு வெடித்தீர்களா என்று மட்டும் கேட்டாய். உன் தம்பி ஞாயிறுதோறும் வருகிறான். கடன் கேட்கத்தான் வருகிறான், இருந்தாலும் வருகிறான். நீ கணக்காயர், ஜெலுத்தோங் முழுக்க உன் பெயரைச் சொல்கிறது, உன்னிடமிருந்து எங்களுக்கு வருவது எரிமலைப் படம்.

ஜாதகம் பார்த்தபோது செவ்வாய் என்று சொல்லி உன் அம்மா அழுததும், செவ்வாய்க்கிழமை உனக்கு மோதிர விரலில் பவளம் போட்டதும் நினைவிருக்கும். அந்த மோதிரத்தைச் செய்தவன் நான். அதே போல ஊருக்கெல்லாம் செய்து கொடுத்திருக்கிறேன், தண்ணீர்மலை முருகன் சந்நிதியில் வைத்து வாங்கிப் போனவர்களும் உண்டு. பவளம் போட்டு நன்றாக இருந்த குடும்பத்தையும் பார்த்தேன், போட்டும் நன்றாக இல்லாத குடும்பத்தையும் பார்த்தேன். இரண்டுக்கும் கூலி ஒன்றுதான் வாங்கினேன். இதை உன் அம்மாவிடம் சொல்லிவிடாதே.

மீண்டும் சொல்கிறேன். வைரத்தோடும் மற்றக் கற்களோடும் ஒரே பெட்டியில் போடாதே, கீறல் விழும். மெல்லிய பருத்தித் துணியில் தனியாகச் சுற்றி வை. வெயில் படுகிற ஜன்னலோரம் வேண்டாம், நிறம் வெளுக்கும். கொடி அறுந்திருந்தால் அங்கே எவனிடமும் கொடுக்காதே. கோர்க்கத் தெரியாமல் பசை போட்டு ஒட்டுவார்கள், சூடு காட்டினால் பவளம் கெட்டுப்போகும். அறுந்தது அறுந்தபடியே கொண்டு வா. விமானத்தில் கைப்பையில் வை, பெரிய பெட்டியில் போடாதே. நீ போட்டுக்கொள்ளப் போவதில்லை என்றாலும் கொண்டு வா. என்னிடம் இருக்கட்டும். காரணம் கேட்க மாட்டேன்.

தைப்பூசத்துக்கு வருவதாக இருந்தால் டிக்கெட்டை இப்போதே போட வேண்டும், பிறகு விலை ஏறிவிடும். ஒரு டிக்கெட்டா இரண்டு டிக்கெட்டா என்று மட்டும் எனக்கு எழுது, அம்மாவுக்கு வேண்டாம். மாடி அறையில் உன் தம்பியின் சாமான்கள் அடைந்து கிடக்கின்றன. எத்தனை பேர் என்று தெரிந்தால் அதற்குத் தக்கபடி ஒதுக்கச் சொல்வேன். ஒன்று என்றால் பணம் நான் அனுப்புகிறேன், திரும்பிப் போகும் தேதியை இப்போது போடாதே.

அப்பா