சமையல் புத்தகத்தை முகர்ந்து பார்க்கச் சொல்லி அண்ணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

போன வாரம் போனில் நீ சொன்னது இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. "வாத்தியத்துக்கு மியூசியமா? சமையல் புத்தகத்தை முகர்ந்து பார்க்கிற கதைதான்" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் விமான டிக்கெட் பேச்சுக்குத் தாவிவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாதே.

ஏதென்ஸில் உனக்கு ஒரு பிற்பகல் சும்மா கிடைக்கும் என்றாய் அல்லவா? எப்படியும் அக்ரோபோலிஸ் குன்று ஏறுவாய். இறங்கி வருகிற வடக்குச் சரிவில் பிளாக்கா என்று பழைய குடியிருப்பு. அங்கே எட்டு முகம் கொண்ட பளிங்குக் கோபுரம் ஒன்று நிற்கும், காற்றுகளின் கோபுரம் என்பார்கள். அதற்குப் பக்கத்துத் தெருவில் 1842-இல் கட்டிய ஒரு வீடு இருக்கிறது. 1821-இல் தொடங்கிய கிரேக்க விடுதலைப் போரில் இறங்கிய லசானிஸ் என்பவரின் வீடு. 1991-இலிருந்து அது கிரேக்க நாட்டுப்புற வாத்தியங்களின் அருங்காட்சியகம். போவதற்கு முன் திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொள்.

உள்ளே இருப்பதெல்லாம் ஃபீவோஸ் அனோயனாகிஸ் என்ற ஒரே மனிதர் சேர்த்தது. இசை ஆய்வாளர். பல பத்தாண்டுகளாகத் தேடித் திரட்டிய சுமார் 1200 வாத்தியங்களை அரசுக்குக் கொடுத்துவிட்டார். ஏறக்குறைய பாதிதான் பார்வைக்கு இருக்கின்றன. பாதியே போதும், கால் வலிக்கும்.

உன் சமையல் புத்தகத்துக்கு வருகிறேன். அந்த வீட்டில் கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஹெட்போன் தொங்கும். மாட்டிக்கொண்டால், முன்னால் இருக்கும் வாத்தியம் யாரோ ஒருவர் கையில் பேசுகிறது. நான் முதலில் ஒழுங்குப் பிள்ளையாகப் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டுத்தான் கேட்டேன். அது தப்பு என்று இரண்டாவது அறையில் புரிந்தது. நீ கேட்டுவிட்டு அப்புறம் படி.

ஒரு உதாரணம். ஆட்டுத்தோல் பைவாத்தியங்கள் இரண்டு வகை. தோலை முழுசாக உரித்து, மயிர்ப் பக்கத்தை உள்ளே திருப்பி, வேண்டாத துளைகளைக் கட்டிவிடுகிறார்கள். மிச்சமுள்ள கால், கழுத்துத் துளைகளில் குழல்களைச் செருகுகிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஊதிப்போன ஆட்டுக்குட்டிதான். வித்தியாசம் எனக்குத் தெரியவே இல்லை. ஹெட்போனை மாட்டிய உடனே தெரிந்துவிட்டது. வடக்கே மாசிடோனியா, திரேஸ் பக்கத்து 'காய்தா'வுக்குத் தனியாக ஒரு நீளக் குழல் உண்டு. நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிற மாதிரி அடியில் ஒரே சுருதி ஓடிக்கொண்டிருக்கும். தீவுகளின் 'சாம்பூனா'வுக்கு அது கிடையாது. பக்கத்தில் பக்கத்தில் கட்டிய இரண்டு குழல்களும் சேர்ந்து கத்துகின்றன. கத்துகின்றன என்றுதான் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. திறந்தவெளியில் கேட்க வேண்டியதை வீட்டு அறைக்குள், அதுவும் காதோடு ஒட்ட வைத்துக் கேட்டால் அப்படித்தான்.

நமக்கு உடனே பிடிபடுவது ஸுர்னாவும் டவூலியும். திறந்தவெளி ஜோடி, நாகஸ்வரமும் தவிலும் போல. ஸுர்னா ஊதுகிறவர் கன்னத்தில் காற்றை அடக்கி, மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே ஊதுவார், நம் மகுடிக்காரர் போல. ஓசை அறுபடாது.

அண்ணா, நீ நின்று பார்க்க வேண்டியது கிரீட் தீவின் லீரா. பேரிக்காயை நெடுக்காகப் பிளந்த மாதிரி உடம்பு, மூன்று தந்தி. தொடை மேல் நிமிர்த்தி வைத்து வில்லால் வாசிக்கிறார்கள். இடது கை விரல் தந்தியை மேலிருந்து அமுக்குவதில்லை. சாரங்கி மாதிரி, நகம் பக்கவாட்டில் தந்தியைத் தொடுகிறது. வில்லைக் கவனி. பழைய வில்லில் சின்னச் சின்ன உருண்டை மணிகள் கோத்திருப்பார்கள். வில்லை இழுத்து உதறுகிற உதறலில் மணி குலுங்கும். பாட்டும் தாளமும் ஒரே ஆள். அப்புறம் துணைக்கு லாவுத்தோ என்ற தந்தி வாத்தியம் வந்து உட்கார்ந்து தாளத்தை எடுத்துக்கொண்டது, வில்லிலிருந்து மணி போயிற்று. ஒரு ஆளுக்கு வேலை போன கதை மாதிரி இருக்கிறது எனக்கு.

பாக்லமாஸ் என்று ஒரு குட்டித் தந்தி வாத்தியம். ஆமை ஓட்டில்கூடச் செய்திருக்கிறார்கள். புசூக்கி என்ற நீளக் கழுத்துத் தந்தி வாத்தியத்தின் தங்கை என்று வைத்துக்கொள். சிறைக்கைதிகள் கிடைத்ததை வைத்துச் செய்து வாசித்தது. கோட்டுக்குள் மறைத்துக்கொள்கிற அளவு. 1936-இல் கிரேக்கத்தில் மெடாக்சாஸ் என்பவரின் சர்வாதிகாரம் வந்து, இந்த வாத்தியங்களோடு பாடுகிற பாட்டுகளுக்குத் தணிக்கை போட்டது. மறைக்கிற அளவில் வாத்தியம் இருந்தால் எவ்வளவு சௌகரியம் பார். இதைக் கேட்காமல் வெறுமனே பார்த்தாலும் எனக்குப் போதுமாக இருந்தது, அந்த அளவே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. உன் சமையல் புத்தகம் இங்கே தோற்கிறது.

நீ ஜெயிக்கிற இடமும் ஒன்று உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். அது இந்த வீட்டில் இல்லை. பழைய நாடாளுமன்றக் கட்டடத்தில் தேசிய வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. மக்ரியானிஸ் என்ற விடுதலைப் போர்த் தளபதியின் தம்பூராஸ் என்ற தந்தி வாத்தியம் அங்கேதான். முப்பது வயதுக்கு மேல் எழுதப் படிக்கக் கற்று, தன் நினைவுகளை எழுதியவர் அவர். போருக்கு நடுவே தம்பூராஸ் மீட்டிப் பாடுவாராம். அது இப்போது கண்ணாடிக்குள் வாயை மூடிக்கொண்டு கிடக்கிறது. அதை நீ தாராளமாக முகர்ந்து பார்க்கலாம்.

சரி, ஒரு வேலை. கரண்டி, இடுக்கி, கண்ணாடி டம்ளரில் உரசித் தாளம் போடும் மணிமாலை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாத்தியமாக்கிய பகுதி ஒன்று இருக்கிறது. அங்கே ஆட்டு மணிகளைப் பார். மேய்ப்பர்கள் மந்தைக்கு மணி வாங்கும்போது ஒன்றோடொன்று சுருதி சேர்கிறதா என்று தட்டிப் பார்த்துத்தான் எடுப்பார்களாம். நான் அதைக் கடைசிக்கு வைத்து, மூடும் நேரம் ஆகி, பாதியில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஓடி வந்தேன். உனக்குத்தான் சுருதி காது. மணிகள் எந்தச் சுர இடைவெளியில் சேர்கின்றன என்று கேட்டுவந்து சொல்.

அன்புடன்,
உன் தங்கை