லட்சத்தீவுக்கு முன்னால் நீச்சல் குளம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 ஜனவரியில் பிரதமர் லட்சத்தீவில் ஸ்நார்கெலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி, குப்புற மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) செய்த படங்கள் வந்ததிலிருந்து நெல்லை, தென்காசிப் பக்கத்துக் குடும்பங்களுக்கும் அந்த ஆசை பிடித்திருக்கிறது. நல்ல ஆசைதான். அந்தமானைவிட லட்சத்தீவு நமக்குப் பக்கம். இரவு பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் காலை எர்ணாகுளம். அங்கிருந்து கொச்சியில் கப்பல் ஏறலாம், அல்லது அகத்தித் தீவுக்கு விமானத்தில் போகலாம். ஆனால் வீடுகளில் நடக்கும் ஏற்பாடு டிக்கெட், பெர்மிட், புதுத்துணி என்ற மூன்றோடு முடிந்துவிடுகிறது. தண்ணீருக்கு யாரும் தயாராவதில்லை. மாஸ்க்கை வாழ்க்கையில் முதன்முறையாகப் பவளப்பாறைக்கு மேலே வைத்து மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அதைத்தான் விரிவாக எழுத நினைக்கிறேன்.

முதலில் காலம். மே மாத நடுவில் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கடலைப் புரட்டிப் போடும். ஆகவே மே விடுமுறையை நம்பித் திட்டம் போடாதீர்கள். டிசம்பர் கடைசியில் வரும் அரையாண்டு விடுமுறை தோதானது. ஆனால் முன்னும் பின்னும் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். 2017-இல் ஒக்கிப் புயல் குமரி, நெல்லை மாவட்டங்களை அடித்துவிட்டு, டிசம்பர் முதல் நாட்களில் மினிக்காய், கல்பேனி தீவுகளைத்தான் தாக்கியது. நம் பக்கம் புயல் சின்னம் என்றால் அந்தக் கடலும் சும்மா இருக்காது. ஜனவரி முதல் மார்ச் வரை கடல் பொதுவாக அமைதி, தண்ணீரும் தெளிவு. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இல்லாத வீட்டார் அந்த மாதங்களையே பிடிக்கலாம்.

இந்தியக் குடிமக்களுக்கும் அங்கே நுழைய அனுமதி வேண்டும். 1967-ஆம் ஆண்டு விதி அது. எந்தத் தீவு என்று குறிப்பிட்டே அனுமதி தருவார்கள். கவரத்தித் தீவுக்கு வாங்கிய சீட்டை வைத்துக்கொண்டு கல்பேனியில் இறங்க முடியாது. நடைமுறை அவ்வப்போது மாறுவதால் லட்சத்தீவு நிர்வாகத்தின் இணையதளத்தை மட்டும் பாருங்கள். அனுமதி கைக்கு வருமுன் மற்ற டிக்கெட்டுகளுக்குப் பணம் கட்ட வேண்டாம். ஆதாரில் உள்ள பெயரும் முன்னெழுத்தும் விண்ணப்பத்தில் அப்படியே இருக்க வேண்டும். தகப்பனார் பெயரைச் சேர்ப்பதா, முன்னெழுத்தோடு விடுவதா என்பதில் நம்மவர்களுக்கு எப்போதும் குழப்பம் வரும்.

இனி தண்ணீர். நம் ஊர்ப் பிள்ளைகள் கிணற்றிலும் தாமிரபரணிப் படித்துறையிலும் நீந்திப் பழகியவர்கள். அது நல்ல அடிப்படை. ஆனால் கிணற்று நீச்சலில் தலை மேலே இருக்கும், மூச்சு மூக்கிலும் வாயிலும் கலந்து போகும், களைத்தால் சுவரைப் பிடித்துக்கொள்ளலாம். ஸ்நார்கெலிங்கில் முகம் முழுநேரமும் தண்ணீருக்குள், மூச்சு வாயால் மட்டும். பிடிக்கச் சுவர் இருக்காது, இருப்பது பவளப்பாறை. பதறுகிறவர் அதைத்தான் பிடிப்பார், அதன்மேல்தான் காலை ஊன்றுவார். கால் கிழியும், பவளம் உடையும். ஆற்றில் அக்கரைக்கு நீந்திப் போகிறவர்கூடக் குழாய்க்குள் ஒரு மிடறு உப்புநீர் வந்ததும் தடுமாறிப்போவதற்குக் காரணம் பழக்கமின்மைதான். பலக்குறைவு அல்ல.

ஆகவே பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். முதல் வாரம் வீட்டிலேயே போதும். பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி, மாஸ்க்கும் குழாயும் மாட்டி, முகத்தை அமிழ்த்தி வாயால் மூச்சுவிடப் பழக வேண்டும். பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க, ஒரு நிமிடத்தில் தொடங்கி ஐந்து நிமிடம் வரை கொண்டு போகலாம். இழுப்பதைவிட விடும் மூச்சு நீளமாக இருக்கட்டும். அடுத்தது பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்க நீச்சல் குளம் போன்ற, கண்காணிப்பு உள்ள இடம். சுவரைப் பிடித்தபடி குப்புற மிதப்பது, பிறகு கையை விடுவது. அதன்பின் குழாயில் வேண்டுமென்றே தண்ணீர் விட்டு, ‘தூ’ என்று ஒரே ஊதலில் வெளியேற்றுவது. ஊதியவுடன் அடுத்த மூச்சை மெதுவாக இழுக்க வேண்டும். அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருக்கும். மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தால் தலையைச் சற்று நிமிர்த்தி, மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதினால் அடிவழியாக வெளியே போய்விடும். கடைசியாக, தரையில் கால் படாமல் குப்புற மிதப்பிலிருந்து மல்லாந்து படுக்கவும், மறுபடி குப்புறத் திரும்பவும் தெரிய வேண்டும். சுவரைத் தொடாமல் இருபது நிமிடம் பதற்றமின்றி மிதக்கிற பிள்ளை கடலுக்குத் தயார். அதற்குக் குறைந்தால் கண்ணாடி அடித்தளப் படகில் உட்கார வையுங்கள். அதிலும் மீன் தெரியும், பவளம் தெரியும். ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் முழங்கால் வலிக்கிற ஆச்சிகளுக்கும் அதுவே சரி.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கிணற்றில் முங்கு நீச்சலில் பேர் வாங்கிய இளைஞர்கள் கடலிலும் அதைச் செய்து காட்ட நினைப்பார்கள். முங்குமுன் வேகவேகமாகப் பல மூச்சு இழுத்துவிட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். மூச்சுமுட்டுகிற உணர்வைத் தருவது அந்த வாயுதான். உணர்வு வருமுன்னே பிராணவாயு தீர்ந்து, தண்ணீருக்குள்ளேயே மயக்கம் வந்துவிடும். நன்றாக நீந்துகிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். மேலே மிதந்தபடி பார்ப்பதே போதும், முங்க வேண்டியதில்லை.

மாஸ்க்கை அங்கே வாடகைக்கு எடுப்பதைவிட ஆளுக்கொன்று வாங்கிப் போவது மேல். ஏனென்றால் முகத்துக்கு முகம் அளவு மாறும். கடையில் வாரை முன்னால் தள்ளிவிட்டு, மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள். கையை எடுத்தபின்னும் சில விநாடி ஒட்டி நின்றால் உங்கள் முகத்துக்கு ஆனது. அதன் கண்ணாடி கெட்டிப்படுத்தியதாகவும் (டெம்பர்ட் கிளாஸ்), ஓரம் மிருதுவான சிலிக்கோனாகவும் இருக்க வேண்டும். தண்ணீர் கசிந்தால் எல்லோரும் வாரை இன்னும் இறுக்குவார்கள். அதனால் ஓரம் மடிந்து கசிவு கூடத்தான் செய்யும். நம் ஆட்களுக்குக் கசிவின் முதல் காரணம் மீசை. மூக்குக்கு நேர் கீழே ஒரு மெல்லிய கோடு மழித்தால் போதும், மீசை மீசையாகவே இருக்கும். நெற்றி முடியும் ஓரத்துக்குள் சிக்கக் கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போனால் வார் நழுவும், கண்ணாடியிலும் எண்ணெய் படியும்.

புது மாஸ்க்கின் கண்ணாடியில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும். ஜெல் அல்லாத வெள்ளைப் பற்பசையால் உள்பக்கத்தை இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவாவிட்டால், எத்தனை துடைத்தாலும் மூட்டம் போகாது. பிறகு ஒவ்வொரு முறை இறங்குமுன்னும் குழந்தை ஷாம்பு ஒரு சொட்டு தடவி, லேசாக அலசினால் போதும். குழாய் நீளமாக இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். நீளக் குழாயில் நாம் விட்ட மூச்சே தங்கி மறுபடி உள்ளே வரும். பெரியவர்களுக்கே 40 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். பிள்ளைகளுக்கு அதைவிடக் குட்டையாக, ஒல்லியாக, சிறிய வாய்ப்பிடியோடு தனியாக வாங்க வேண்டும். முகம் முழுவதையும் மூடுகிற மாஸ்க் பார்க்கச் சௌகரியம்போலத் தெரியும். வால்வு சரியாக வேலை செய்யாவிட்டால் அதற்குள்ளும் விட்ட மூச்சு தேங்கும். அவசரத்தில் வாயிலிருந்து துப்பிவிடவும் முடியாது. பிள்ளைகளுக்கு அதை வாங்கவே வேண்டாம். கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பவர் வைத்த மாஸ்க் கிடைக்கிறது. முன்கூட்டியே சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள்.

லைஃப் ஜாக்கெட்டை எடைக்குத் தக்கபடி பாருங்கள். மாட்டிப் பூட்டியபின் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் அது காதுவரை ஏறக் கூடாது. சிறு பிள்ளைக்குக் கால் இடுக்கு வழியாக வரும் வாரும் தேவை. இல்லாவிட்டால் ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை உள்ளே நழுவும். லாரி டியூப் கிணற்றுக்குச் சரி. கடலில் காற்று அதை நாம் கைவீசி எட்டுமுன் தள்ளிக்கொண்டு போய்விடும்.

சேலை, சுடிதார், லுங்கி எதுவும் நீருக்குள் ஆகாது, காலைச் சுற்றும். உடலோடு ஒட்டிய முழுக்கைச் சட்டையும் லெக்கிங்ஸும் எல்லோருக்கும் பொருந்தும், தீவு மக்களின் நாகரிகத்துக்கும் ஒத்துப்போகும். குப்புற மிதப்பதால் வெயில் பிடரியிலும் முழங்கால் பின்புறத்திலும்தான் ஏறும். அதற்கும் அந்த உடுப்பே மருந்து. சன்ஸ்கிரீன் தடவியே தீர வேண்டுமென்றால் துத்தநாக ஆக்சைடு உள்ளதை எடுங்கள். ஆக்சிபென்சோன் என்ற ரசாயனம் கலந்தது பவளத்துக்குக் கேடு. ஹவாய் தீவுகளில் 2021 முதல் அதன் விற்பனைக்கே தடை.

லகூன் என்கிற உள்கடலைச் சுற்றிப் பவளத் திட்டு அரணாக நிற்கிறது. அலை வெளியே உடைந்துவிடும், உள்ளே குளம்போலத் தெரியும். ஆனால் ஓதம் (கடல் நீர்மட்டத்தின் அன்றாட ஏற்றம்) வடியும்போது உள்ளே இருக்கும் தண்ணீரெல்லாம் திட்டின் திறப்புகள் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்த வாய்ப்பக்கம் போனால் இழுப்பு ஆளைக் கொண்டுபோகும். ஓதம் ஏறி முடியும் ஒரு மணி நேரம்தான் நல்ல நேரம். இழுப்பு இருக்காது, வயிறு பவளத்தில் உரசாத அளவு ஆழமும் இருக்கும். எப்போது ஏறும், எப்போது வடியும் என்று உள்ளூர் வழிகாட்டியிடம் முந்தின நாளே கேட்டு வைத்து, அவர் சொல்லும் எல்லைக்குள் மட்டும் இறங்குங்கள். ஒரு பெரியவருக்கு ஒரு பிள்ளை என்பதற்கு மேல் வேண்டாம்.

ஆமை தென்பட்டால் பக்கவாட்டில் மிதந்து பாருங்கள். பின்னால் துரத்தாதீர்கள், தலைக்கு மேலும் போகாதீர்கள். அது மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய பிராணி. துரத்தினால் மூச்சு வாங்காமலே மறுபடி இறங்கும். மீனுக்கு பிஸ்கட் போடக் கூடாது. அழகாகக் கோலம் போட்டதுபோல் இருக்கும் கூம்புச் சங்கைக் கையில் எடுக்கவே கூடாது. உயிரோடு இருந்தால் விஷ முள்ளால் குத்தும், சிலவகை ஆளைக் கொல்லும். செத்த பவளத் துண்டு என்றாலும் பையில் போடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆழமில்லாத தண்ணீரில் மணல்மேல் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துக்கொண்டே போனால் திருக்கை விலகிவிடும். திருக்கையோ கல்மீனோ குத்தினால் குத்துப்பட்ட இடத்தை, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணிக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

பவளம் உடைந்தால் என்ன என்று கேட்கிறவர்களுக்குப் பதில் நம் பக்கத்துக் கடலிலேயே இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளத்தை வெட்டி எடுத்ததே அதற்கு முக்கியக் காரணம். பாறைபோல் உருண்டு வளரும் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளரும். லட்சத்தீவுப் பவளங்கள் 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறி வெளுத்து, பெரும் பகுதி மடிந்து, மெல்லத் தேறி வருகிறவை. அவற்றின்மேல் காலை ஊன்றக் கூடாது.

பறவை பார்க்கிற பழக்கத்துக்கு முன்பயிற்சி நெல்லை மாவட்டக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் கிடைக்கும். டிசம்பரில் ஒரு காலை அங்கே போய், எட்டு மடங்கு பெரிதாக்கும் 8x42 பைனாகுலரில் கண் அகலத்தைச் சரிசெய்வது, பறக்கிற பறவையைத் தொடர்வது, சத்தம் போடாமல் நிற்பது மூன்றையும் பிள்ளைகள் பழகிவிட்டால், கப்பல் மேல்தளத்தில் ஆலா என்கிற கடற்பறவைகளைப் பார்க்கும்போது தடுமாற மாட்டார்கள்.

கப்பல் பயணம் தீவைப் பொறுத்து 14 முதல் 18 மணி நேரம். குமட்டல் மாத்திரை வேலை செய்ய, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். பிள்ளைகளுக்கான அளவை மருத்துவரிடம் கேளுங்கள். வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ப் பலகாரமும் கூடாது. இரண்டு இட்லி உத்தமம். பல இடங்களில் கப்பல் வெளியே நிற்க, சிறு படகுக்கு மாறித்தான் கரை சேர வேண்டும். இரண்டு கையும் சும்மா இருக்கும்படி முதுகுப்பை எடுங்கள், சூட்கேஸ் வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் இரண்டு பங்கு, கைப்பையில். கடுமையான நோயென்றால் ஹெலிகாப்டரில் கொச்சிக்குத்தான் கொண்டுபோவார்கள். இதயக்கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் நீரில் இறங்குவதைக் கிளம்புமுன்பே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். தீவில் நல்ல தண்ணீர் என்பது உப்புநீருக்கு மேல் மெல்லிய படலமாக மிதக்கிற நிலத்தடி நீர்தான். கவரத்தியில் 2005-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வைத்த காரணமும் அதுவே. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு மாஸ்க்கைக் கழுவாதீர்கள், ஒரு வாளி போதும்.

தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். கோடை நீச்சல் முகாமில் கடைசி இரண்டு நாளை மாஸ்க், குழாய் பயிற்சிக்கு மாவட்ட விளையாட்டுத் துறை ஒதுக்க வேண்டும். பத்து மாஸ்க்கும், வாய்ப்பிடியை மாற்றிக்கொள்ளக்கூடிய பத்துக் குழாயும் இருந்தால், முறைவைத்து ஒரு முகாமே பழகிவிடும்.

வாசகர்,
பாளையங்கோட்டை