ஆக்சிலேட்டர் விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தபால் பையை மாட்டிக்கொண்டு 31 ஆண்டுகள் பாளையங்கோட்டைத் தெருக்களில் சைக்கிள் மிதித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் சைக்கிளை விட மனம் வரவில்லை. முழங்கால்தான் என்னை விட்டுவிட்டது. அதனால் ஒரு பேட்டரி சைக்கிள் வாங்கினேன். பெடலை மிதித்தால் மோட்டாரும் சேர்ந்து இழுக்கும், மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும் வகை.

சமதளத்தில் அது சுகமான வண்டி. தொல்லை எல்லாம் நின்று புறப்படும்போதுதான். பெடல் அச்சில் உள்ள காந்த வட்டு கொஞ்சம் சுழன்ற பிறகே மோட்டாருக்குச் சேதி போகும். டவுனுக்குப் போகும் வழியில், ஈரடுக்கு மேம்பால ஏற்றத்தில் முன்னால் போகும் ஆட்டோ நின்றுவிட்டால், அந்த முதல் அரைச் சுற்றை என் வலது முழங்கால் தனியாகத்தான் சுமக்க வேண்டும். வண்டியே 20 கிலோவுக்கு மேல். பின்னால் காய்கறிப் பை வேறு. இரண்டு முறை இறங்கித் தள்ளினேன். மூன்றாம் முறை, ஆக்சிலேட்டர் மாட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் பெட்டியான கன்ட்ரோலரில், அதற்கான மூன்று ஒயர் இணைப்பு சும்மாவே தொங்கிக்கொண்டிருந்தது. சிவப்பில் 5 வோல்ட், கறுப்பு எர்த், மூன்றாவது சிக்னல். பிடியை முறுக்க முறுக்க சிக்னல் ஒரு வோல்ட்டுக்கும் கீழிருந்து நான்கு வோல்ட் வரை ஏறும். மோட்டாரும் அதற்கேற்ப வேகமெடுக்கும். மாட்டிக்கொடுத்த தம்பி, “வேகத்தைக் கட்டிவைத்திருக்கும் ஒயரையும் வெட்டிவிடட்டுமா ஐயா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் 25 கிலோமீட்டருக்கும் உள்ளே இருக்கும்வரைதான் மத்திய மோட்டார் வாகன விதிகள் அதைச் சைக்கிளாக விட்டுவைக்கும். அதைத் தாண்டினால் பதிவெண், லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். இந்த வயதில் எனக்கு எதற்கு அது?

எட்டு நாள் ராஜாவாகப் போய்வந்தேன். ஒன்பதாம் நாள் டீக்கடை வாசலில் இறங்கி, சுவிட்சை அணைக்காமல், இரண்டு பிடிகளையும் பிடித்து வண்டியைத் தள்ளினேன். கை தன் போக்கில் முறுக்கிவிட்டது. சைக்கிள் துள்ளிப் பாய்ந்தது. பதறிப்போய் பிரேக்கை அழுத்தினால், அழுத்துகிற அதே வலது கை பிடியை இன்னும் முறுக்குகிறது! பிரேக் ஒரு பக்கம் பிடிக்க, மோட்டார் மறுபக்கம் இழுக்க, பெஞ்சில் மோதித்தான் நின்றது. பெஞ்சில் அப்போது ஆள் இல்லை. சற்று முன்புவரை ஒரு பாட்டி பேரனோடு உட்கார்ந்திருந்தார் என்று டீக்கடைக்காரர் சொன்னபோது எனக்குத் தேநீர் இறங்கவில்லை.

பிறகுதான் தெரிந்தது, இதற்கென்றே ‘கட்-ஆஃப்’ பிரேக் கைப்பிடி இருக்கிறது என்று. உள்ளே சிறிய சுவிட்ச் ஒன்று. பிரேக்கைத் தொட்டவுடன் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் நின்றுவிடும். பெடல் வண்டியில் காலை எடுத்தாலே மோட்டார் ஓய்ந்துவிடுவதால் இது இல்லாமலும் சமாளிக்கலாம். ஆக்சிலேட்டர் மாட்டிய பிறகு முடியாது. கறுப்பு ஒயர் அறுந்தால்கூட சிக்னல் உச்சத்துக்கு ஏறி மோட்டார் தானாக ஓடக்கூடும். நல்ல கன்ட்ரோலர் அதைக் கண்டுபிடித்து நிறுத்திவிடும். மலிவானதை நம்ப முடியாது.

இப்போது இரண்டு பக்கமும் கட்-ஆஃப் போட்டுவிட்டேன். முறுக்குப் பிடியைக் கழற்றிவிட்டு, கட்டைவிரலால் அழுத்தும் சிறிய நெம்புகோலுக்கு மாறிவிட்டேன். தள்ளும்போது அது தவறிப்போய் இயங்குவது அரிது. ஏற்றத்தில் புறப்பட மட்டும் அழுத்துகிறேன். எந்நேரமும் அழுத்தினால் பேட்டரி பாதி வழியிலேயே படுத்துவிடும். மருத்துவர் சொன்ன கால் பயிற்சியும் போய்விடும்.

இதையெல்லாம் முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கடைக்காரரைக் கேட்டேன். “யாரும் கேட்பதில்லை ஐயா, கூடுதல் செலவு என்று போய்விடுவார்கள்” என்றார். கடைக்காரர்களே, யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஆக்சிலேட்டரைத் தனியாக விற்காதீர்கள். கட்-ஆஃப் கைப்பிடிகளையும் சேர்த்து ஒரே விலையாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால்காரர்,
பாளையங்கோட்டை.